பூச்சட்டிப் பெட்டியில் நிசார் சாஹிப்

2025 நவம்பர் 17, திங்கட்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். ரத்த அழுத்த மாத்திரை பாதி, வெந்நீர் ஒரு டம்ளர், முழங்காலுக்கான பயிற்சி பத்து நிமிடம், ஒரு சங்கீதம், ஜெபம். 6.00க்குக் குளித்து முடித்தேன். இருபத்து நான்கு வருடமாக ஸ்ரீநகரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். அங்கேயும் இதே வரிசைதான், இடம் மட்டும் வேறு. இப்போது இருப்பது விருதுநகரில் ஒரு லாட்ஜ், இரண்டாவது மாடி. கார்த்திகை பிறந்த அன்றைக்கும் மின்விசிறி இல்லாமல் இருக்க முடியவில்லை.

கீழே டீக்கடையில் புதிதாக மாலை போட்ட சாமிகள் நான்கு பேர் நின்றிருந்தார்கள். பழக்க தோஷத்தில், "டீ, சீனி வேண்டாம், உப்பு ஒரு சிட்டிகை" என்றேன். காஷ்மீரில் காலைத் தேநீர் உப்புப் போட்டதுதான். கடைக்காரர் கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினார்.

"டீக்கு உப்பா? யக்கா, ஒடம்பு கிடம்பு நல்லா இருக்கீகளா?"

ஒரு சாமி சிரித்துவிட்டு, விரதம் நினைவு வந்து வாயை மூடிக்கொண்டார். நான் சீனி போட்டே குடித்தேன். வாய் பிசுபிசுத்தது.

பரோட்டாவுக்குப் பெயர்போன ஊர். ஆனால் எண்ணெயில் பொரித்த பரோட்டா மத்தியானத்துக்கு மேல்தான் என்றார்கள். இரண்டு இட்லியோடு 7.25 பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் என் கம்பளிச் சால்வையைப் பார்த்து இந்தியில் எங்கே என்று கேட்டார். "சிவகாசி ஒண்ணு" என்றேன். "அட, நம்மாளுதானா! சால்வையப் பாத்து ஏமாந்துட்டேன்" என்றார். நான் பிறந்தது இங்கிருந்து பக்கத்தில்தான், மல்லாங்கிணறில். அப்பா அங்கே பள்ளிக்கூட வாத்தியார். அவரை அடக்கம் செய்துவிட்டுப் போன பிறகு ஒன்பது வருடம் இந்தப் பக்கம் வரவில்லை. கண்டக்டரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பையின் அடியில், டைரிக்குக் கீழே, தட்டையாக மடித்த ஒரு காலிப் பெட்டி இருந்தது. பத்துப் பூச்சட்டிகள் அடைக்கிற பெட்டி. மற்ற ஊர்க்காரர்கள் புஸ்வாணம் என்பதை இந்தப் பக்கம் பூச்சட்டி என்பார்கள். மேல்மூடியில் ஒரு கிழவர். வெள்ளைத் தாடி, செக்கச்செவேல் என்ற அங்கி, வாய் நிறையச் சிரிப்பு. இரண்டு கையாலும் ஒரு சட்டியைப் பிடித்திருக்கிறார். சட்டியிலிருந்து பொன்னிறப் பொறிகள் எழும்பி அவர் தலைக்கு மேல் குடைபோல விரிகின்றன. கீழே மஞ்சள் எழுத்தில் 'காஷ்மீர் தாத்தா' என்று தமிழிலும் இந்தியிலும் போட்டிருக்கிறது.

அவர் நிசார் சாஹிப். கவிஞர். நான் பத்தொன்பது வருடமாகக் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர். போன வருடம் அக்டோபரில், நான் பக்கத்தில் இருக்கும்போது இறந்தார். அந்தப் படத்தை எடுத்தவள் நான்.

அவர் கையில் இருப்பது பூச்சட்டி அல்ல, காங்கிரி. மண்சட்டியில் தணலைப் போட்டு, சட்டியைச் சுற்றிப் பிரம்பு பின்னி, பெரன் என்கிற தொளதொளப்பான அங்கிக்குள் வயிற்றோடு அணைத்துக்கொள்வார்கள். காஷ்மீரில் குளிர்காலத்தை அப்படித்தான் கடப்பார்கள். அவர் இறந்த பிறகு, மாதம் ஒரு கவிதை போட்டு ஒரு காலண்டர் அடிக்க வேண்டும் என்று அவர் மகள் ருக்சானா ஆசைப்பட்டாள். காலண்டர் என்றால் சிவகாசி. அங்கே ஒரு அச்சகத்தில் என் சித்தப்பா மகன் செல்வின் டிசைன் வேலை பார்க்கிறான். படத்தை நான்தான் அவனுக்கு அனுப்பினேன். காலண்டர் அழகாக வந்தது. ருக்சானா அதைத் தன் பள்ளிக்கூட அறையில் மாட்டினாள்.

இந்தச் செப்டம்பரில் எங்கள் தெருவில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வரும்போது வாசலில் வெடி வெடித்தார்கள். மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு காலிப் பெட்டியைப் பொறுக்கிக்கொண்டு வந்து, "உங்கள் அப்பா மாதிரி இருக்கிறாரே" என்று ருக்சானாவிடம் கொடுத்தாள். ருக்சானா அதை என் மேசையில் வைத்தாள். கத்தவில்லை. காஷ்மீரியில் அவள் சொன்னதை அப்படியே தமிழில் எழுதுகிறேன்: "இந்தப் பெட்டியில் இருந்து அப்பாவை இறக்கிவிட்டு வா. அதுவரை இந்த வாசலில் உன்னைப் பார்க்க என்னால் முடியாது." வீட்டுச் சாவியை அவளிடம் கொடுத்தேன். மருத்துவமனை விடுதியில் இரண்டு மாதம் இருந்து, லீவு கிடைத்ததும் கிளம்பினேன்.

அவள் கோபம் புரிய வேண்டும் என்றால், நிசார் சாஹிப் யார் என்று சொல்ல வேண்டும். பஸ் திருத்தங்கலுக்கு முன்னால் பெல்ட் அறுந்து நின்றது. நாற்பது நிமிடம் ஒரு கருவேல மரத்தடியில் உட்கார்ந்து இதை டைரியில் எழுதினேன்.

அவர் ஆற்றங்கரைத் தெரு ஒன்றில் ரொட்டி சுடுகிறவரின் மகன். அக்காவின் கல்யாணத்துக்கு அப்பா வாதுமைத் தோப்பை விற்றார். விருந்துக்கும் சீருக்கும் அதுவும் போதவில்லை. ஆறு மாதத்தில் அக்கா திரும்பி வந்தாள், பிறகு போகவே இல்லை. நிசார் சாஹிப் ஆரம்பப் பள்ளி வாத்தியார் ஆனார். கவிதை எழுத ஆரம்பித்தார். அவர் எழுதியது புத்தகத்துக்கு அல்ல. காஷ்மீரில் கல்யாண வீட்டில் பெண்கள் தோளில் கை போட்டு வரிசையாக நின்று பாடுவார்கள். அந்த மெட்டுக்கு எழுதிக் கொடுத்தார். மாப்பிள்ளையைப் புகழ்கிற வரிகளுக்கு நடுவே, மாப்பிள்ளை வீட்டார் எத்தனை பெட்டி கேட்டார்கள் என்ற வரி வரும். பெண்கள் பாடிவிடுவார்கள். ஆண்கள் சாப்பாட்டில் இருப்பதால் ஒருவர் காதிலும் விழாது. விழுந்தபோது சண்டை வந்தது.

பெண்பிள்ளைகளுக்கு வீட்டு மாடியிலேயே வகுப்பு நடத்தினார். தெருவில் இருந்து கல் எறிந்தார்கள். உள்ளே விழுந்த ஒவ்வொரு கல்லிலும் மையால் தேதி எழுதி ஜன்னல் விளிம்பில் அடுக்கி வைத்தார். நான் குடிபோனபோது அந்தக் கற்கள் அங்கே இருந்தன. வெள்ளிக்கிழமைதோறும் தூசி தட்டியிருக்கிறேன்.

8.50க்கு வேறு பஸ் வந்தது.

அச்சகத்துக்குள் நுழைந்ததும் மை வாடையும் இயந்திரச் சத்தமும். காலண்டர் சீசன். தரையில் இருந்து கூரை வரைக்கும் முருகன், மாதா, மெக்கா, கட்சித் தலைவர்கள், குழந்தைகள். செல்வின் எழுந்து வந்து, "அக்கா, வாங்க வாங்க. மெலிஞ்சிட்டீகளே. மேரி மீன் வாங்கி வச்சிருக்கா" என்றான். நான் பெட்டியை விரித்து அவன் கீபோர்டின் மேல் வைத்தேன்.

"இது யாருலே?"

பார்த்தான். ஒரு நொடியில் முகம் மாறியது. பொய் சொல்லவில்லை, அதை எழுதிவிட வேண்டும்.

"அக்கா... அவசர ஆர்டர். பூச்சட்டிக்கு ஒரு புதுப் படம் வேணும்னாக. எல்லாருக்கும் அதே வெள்ளக்காரப் புள்ள, அதே நடிகை. நான் தேடிக்கிட்டு இருக்கேன், உங்க ஃபோல்டர் கண்ணுல பட்டுச்சு. அந்த ஐயா கையில பூச்சட்டிய வச்சுக்கிட்டு எம்புட்டுச் சந்தோசமா சிரிக்காரு. உள்ள நெருப்பு வேற தெரியுது. நான் பொறி மட்டும்தான் சேத்தேன்."

"அது குளிர் காயுற சட்டி."

"சட்டிக்குள்ள நெருப்ப வச்சு வயித்துல கட்டிக்கிடுவாகன்னு நான் கண்டேனாக்கா? இங்கன அப்படிச் செஞ்சா ஆளையே பாக்க முடியாது."

உண்மைதான். இந்த ஊரில் பிறந்த யார் கண்ணுக்கும், நெருப்புள்ள மண்சட்டி என்றால் பூச்சட்டிதான். காங்கிரியின் பிரம்புப் பின்னலை அவன் அட்டைச் சுற்று என்று நினைத்து ஜிகினா வண்ணம் கொடுத்திருக்கிறான். கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. படத்தை அனுப்பியபோது இது யார், கையில் என்ன என்று நான் ஒரு வரி எழுதவில்லை. லேபிள் பார்க்காமல் ஒரு மருந்தும் கொடுக்காதவள் நான்.

"எடுத்திருலே. கம்ப்யூட்டர்ல இருந்தும் அழிச்சிரு."

"நான் அழிச்சா போதுமாக்கா? அடுத்த சீசனுக்கு லேபிள் வியாழக்கிழமை மெஷின்ல ஏறுது. அண்ணாச்சிதான் சொல்லணும்."

அண்ணாச்சி என்பவர் அந்தப் பூச்சட்டி செய்கிற பட்டாசுக் கம்பெனியின் முதலாளி. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் அவருக்குத் தொழிற்சாலை, சிவகாசியில் ஆபீஸ். மத்தியானம் 3.00க்குப் போனோம். மிகவும் மரியாதையான மனிதர். எழுந்து நின்று கும்பிட்டார், பால்கோவா வரவழைத்தார், காஷ்மீரில் ஆப்பிள் மரத்தில் இருந்து நேரடியாகப் பறிக்கலாமா என்று கேட்டார். நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கும் வரை தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்:

"சிஸ்டர், கோவிச்சுக்கிடாதீக. லேபிளுங்கிறது எங்களுக்குப் புள்ளைக்குப் பேரு வச்ச மாதிரி. விளங்குன லேபிளை இந்தத் தொழில்ல ஒருத்தனும் மாத்த மாட்டான். வடக்க இருக்கிறவன் எங்க கம்பெனிப் பேரச் சொல்லியா கேக்கான்? தாடித் தாத்தா குடுன்னு கேக்கான். உங்க பெரியவரு ராசியான முகம்."

"கல்யாணத்தில் வெடி போடக் கூடாது என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவர் அவர்."

அண்ணாச்சி சிரித்தார். "வேண்டாம்னு சொன்னவரே கையில வச்சிருக்காருன்னா, அதுக்கு மேல விளம்பரம் உண்டா சிஸ்டர்?"

நான் பால்கோவாவைக் கீழே வைத்தேன். நிசார் சாஹிப்பின் மூத்த மகள் எப்படி இறந்தாள் என்பதை அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. அந்த மேசையில் வைத்துச் சொல்ல மனம் வரவில்லை.

என் முகத்தைப் பார்த்து அவர் கொஞ்சம் இறங்கினார். "ஒண்ணு செய்யுங்க. நாளைக்கு நம்ம வேன்ல யூனிட்டுக்குப் போய்ப் பாருங்க. அங்கன பொம்பளையாளுக தாத்தா படத்தக் கதவுல ஒட்டி, தெனம் பூ வைக்காளுக. அவளுக சரின்னு சொல்லட்டும், நான் எடுத்திருதேன்."

அவர்கள் சரி சொல்ல மாட்டார்கள் என்று தெரிந்துதான் சொல்கிறார் என்பது படியிறங்கும்போதுதான் உறைத்தது. செல்வின் வீட்டில் அவன் மனைவி மேரி வைத்த மீன் குழம்பு நன்றாக இருந்தது. அங்கேயே 9.00க்குப் படுத்தேன்.

நவம்பர் 18, செவ்வாய். 5.10க்கு எழுந்தேன். மாத்திரை, வெந்நீர், பயிற்சி, சங்கீதம். 6.45க்கு வேன் தெருமுனையில் நின்றது. பதினாறு பேர் உட்காரும் வண்டியில் இருபத்தேழு பேர் இருந்தோம். எண்ணிப் பார்த்தேன். தூக்குவாளிகள் மடியில், மடிக்கு மேல் இன்னொருவர். இருபுறமும் காய்ந்த காடு, இடையிடையே ஒன்றையொன்று நெருங்காமல் தள்ளித் தள்ளிக் கட்டிய சிறிய அறைகள். ஒன்று வெடித்தால் அடுத்தது வெடிக்காமல் இருக்க அந்த இடைவெளி. கட்டடம் கட்டும்போதே அந்தக் கணக்கு.

அச்சங்குளம் தாண்டி டயர் பஞ்சர். எல்லோரும் இறங்கி நடந்தோம். எனக்குப் பக்கத்தில் வந்தவள் முனியம்மா, லேபிள் ஒட்டும் அறையில் வேலை. நாற்பது வயது இருக்கும். என்னைப் பார்ப்பதற்கு முழு உடம்பையும் திருப்பினாள். வலது காதில் இருந்து தோள் வரைக்கும் பழைய தீத்தழும்பு கழுத்தை இழுத்துப் பிடித்திருந்தது. முதல் ஆறு வாரம் கழுத்தை நிமிர்த்திக் கட்டி, தினம் பயிற்சி கொடுத்திருந்தால் அந்தக் கழுத்து திரும்பும். யாரோ காயத்தை மட்டும் ஆற்றி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

"எப்போ?" என்று கேட்டேன்.

"அது வேற யூனிட்டு. பன்னெண்டு வருசம் ஆச்சு. எம் பக்கத்துல இருந்தவுக ரெண்டு பேரு போய்ட்டாக. நான் தண்ணி குடிக்க வெளிய வந்தேன், அதான் கழுத்தோட போச்சு."

வாசலில் கைபேசி, சாவி, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். செருப்பைக் கழற்றி, ஒரு செம்புத் தகட்டில் வெறுங்காலை வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உடம்பில் உள்ள மின்சாரம் இறங்குவதற்காம். அதற்குப் பிறகு கடிகாரம் இல்லாததால் இந்த நாளின் நேரங்கள் தோராயமானவை.

லேபிள் அறைக் கதவில் அவர் இருந்தார். சிவப்பு அங்கி, சிரிப்பு, பொறிக்குடை. நெற்றியில் குங்குமம், மேலே வாடாத சாமந்தி. உள்ளே போகிற ஒவ்வொருத்தியும் தகட்டை மிதித்த கையோடு அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "தாத்தா, பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். பள்ளிவாசலில்கூடக் கடைசி வரிசையில், செருப்புக்குப் பக்கத்தில் நின்றவர் அவர்.

"இவரு வந்த பொறவு இந்த யூனிட்ல ஒரு பொறி பறந்ததில்ல" என்றாள் முனியம்மா. "நெருப்பச் சட்டிக்குள்ளயே அடக்கிப் பிடிச்சிருக்காரு, பாருங்க. வெளிய போகுறது பூவு மட்டுந்தான்."

மத்தியானச் சாப்பாட்டுக்கு வேலை அறைகளை விட்டுத் தள்ளி ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்தார்கள். தூக்குவாளிகள் திறந்தன. புளிக்குழம்பு, சுட்ட கருவாடு, ஒருத்தியிடம் சாத்தூர் சேவு. என் மடியில் ஒரு மூடி நிறையச் சோறு வந்துவிட்டது. எல்லோர் குழம்பும் அதில் விழுந்தது. காஷ்மீர்க் கல்யாணத்தில் நான்கு பேர் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்றேன். "அப்ப எச்சி பாக்க மாட்டாகளா?" என்றாள் ஒருத்தி. "கறியாடி சோறா?" என்றாள் இன்னொருத்தி. கறி, கறிக்கு மேல் கறி என்றேன். அந்த விருந்தைத்தான் உங்கள் கதவில் இருப்பவர் எதிர்த்தார் என்று தொடங்கினேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவை, தோப்பை, கல்யாணப் பாட்டை, தேதி போட்ட கற்களை. கல்லில் தேதி எழுதியதைக் கேட்டுச் சிரித்தார்கள். "நம்ம ஊரு ஆளா இருந்தா திருப்பி எறிஞ்சிருப்பான்" என்றார்கள். பிறகு ஜரீனாவைப் பற்றிச் சொன்னேன். ஊர் கெட்டுக் கிடந்த வருடங்களில் ஒரு கல்யாணம். மாடியில் பெண்கள் நிசார் சாஹிப்பின் பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார்கள். வாசலில் யாரோ வெடியைக் கொளுத்தினார்கள். துப்பாக்கி என்று நினைத்து எல்லோரும் படியில் ஓடினார்கள். அடியில் விழுந்தவள் அவருடைய மூத்த மகள், பதினொரு வயது. தங்கை ருக்சானா அவள் கையைப் பிடித்திருந்தாள், நெரிசலில் அந்தக் கை நழுவியது. அதற்குப் பிறகு முப்பது வருடம், எந்தத் தெருவில் கல்யாணம் என்றாலும் அவர் முந்தின நாள் போய்க் கதவைத் தட்டுவார். "பாடுங்கள், ஆடுங்கள், வெடி மட்டும் வேண்டாம்" என்பார். சிலர் கேட்டார்கள். பலர் டீ கொடுத்து அனுப்பினார்கள். கடைசி வருடங்களில் இளவட்டங்கள் வேண்டுமென்றே அவர் ஜன்னலுக்குக் கீழே கொளுத்தினார்கள்.

"அந்தத் தங்கை ருக்சானாதான் என்னை அனுப்பியது. இந்தப் படம் பெட்டியில் இருக்கக் கூடாது. நீங்கள் சரி சொன்னால் எடுப்பதாக அண்ணாச்சி சொல்லியிருக்கிறார்."

சேவு வைத்திருந்தவள் பொட்டலத்தை மடித்தாள். முனியம்மா கையைக் கழுவிவிட்டு வந்து உடம்போடு என் பக்கம் திரும்பினாள்.

"பச்சப் புள்ள போனது பெரிய பாவந்தான் சிஸ்டர். இல்லங்கல. ஆனா ஒண்ணு கேக்கேன். வெடி வேண்டாம்னு முப்பது வருசம் கதவத் தட்டுனாரே, அத ஒட்டுறவ எதத் திம்பான்னு ஒரு பாட்டு எழுதுனாரா?"

"எழுதவில்லை."

"எங்களப் பத்தி யாரு எழுதுனாலும் மொதல்ல நிறுத்தணும்னு தோணுறது எங்க வேலைதான். எம் மக சாத்தூர்ல நர்ஸிங் படிக்கா. இந்தத் தாத்தாவ ஒட்டி ஒட்டித்தான் படிக்க வச்சிருக்கேன்."

அப்போது அந்தப் படத்தில் அவர் ஏன் சிரிக்கிறார் என்பதை அவர்களிடம் சொன்னேன். யாரிடமும், ருக்சானாவிடம்கூட, சொல்லாதது. அவர் இறந்த வருடம் ஜனவரியில், மூச்சுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது, நீ எந்த ஊர், சரியாகச் சொல் என்று கேட்டார். அத்தனை வருடமும் மதுரைப் பக்கம் என்றே சொல்லி வந்தவள் அன்றைக்கு உண்மையைச் சொன்னேன்: நாட்டின் வெடியில் பெரும்பங்கு செய்கிற ஊர். இருமல் வரும் வரை சிரித்தார். "நான் கதவைத் தட்டிய இடமெல்லாம் தப்பு. உன் ஊர்க் கதவை அல்லவா தட்டியிருக்க வேண்டும்!" என்றார். நான் அந்தச் சிரிப்பைத்தான் எடுத்தேன். எடுத்து முடித்ததும் கேட்டார்: "யார் செய்கிறார்கள்? பெண்களா? அவர்கள் மகள்கள் பள்ளிக்குப் போகிறார்களா?" போகிறார்கள் என்றேன். அப்போது எனக்கு அது தெரியாது. தெரியாமல் சொன்னேன்.

"பெறவென்ன" என்றாள் முனியம்மா. "கேட்டவரு வந்துட்டாரு. கதவுல நிக்காரு. நீங்க கூட்டிட்டுப் போகணுங்கீக." அவள் குரல் ஏறியது. "எடுத்துக்கோங்க. எடுத்த மறுநாள் இங்கன எதுவும் ஆச்சுன்னா யாரு வந்து நிப்பா? சட்டியப் பிடிச்சுக்கிட்டு யாராச்சும் நிக்கணும்ல. நீங்க நிப்பீகளா?"

கொட்டகை முழுக்கச் சிரித்தது. "நிக்கட்டும்டி, நர்ஸம்மாதானே, வெந்தாலும் அவுகளே கட்டுப் போட்டுக்கிடுவாக" என்றாள் ஒருத்தி.

"நிக்கேன்" என்றேன்.

சிரிப்பு நின்றது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்று என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். படத்தை அனுப்பியவள் நான். பதில் சொல்ல வேண்டியது ருக்சானாவுக்கும் இவர்களுக்கும் என்றால், பெட்டியில் இருக்க வேண்டிய முகம் என்னுடையதுதான். இதில் பெருந்தன்மை எதுவும் இல்லை. வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

முனியம்மா தூக்குவாளியை மூடினாள். "பெட்டியில நீங்க நில்லுங்க. ஆனா கதவுல இருக்கவர எடுக்க மாட்டோம். அவரு எங்களுக்கு வந்துட்டாரு."

நான் தலையை ஆட்டினேன்.

ஐந்து மணி வாக்கில் நானும் செல்வினும் அண்ணாச்சி ஆபீஸில் இருந்தோம். கேட்டுவிட்டு மேசையைத் தட்டினார். "காஷ்மீர் அக்கா! அதே உடுப்பு, அதே சட்டி, அதே பொறி. வாங்குறவன் தாத்தாவோட மகளுன்னு நெனைச்சுக்கிடுவான். செல்வின், அச்சுப் பிளேட்ட நிறுத்து." அவ்வளவுதான். இரண்டு மாதம் நான் சுமந்தது அவருக்கு ஒரு டிசைன் மாற்றம். நிசார் சாஹிப் முப்பது வருடம் தட்டிய கதவுகளில் ஒன்றுகூட இவ்வளவு லேசாகத் திறந்ததில்லை. திறந்தும் வெடி நிற்கவில்லை.

செல்வின் என் எதிரில் உட்கார்ந்து காலண்டர் ஃபைலையும் லேபிள் ஃபைலையும் அழித்தான். பார்த்து உறுதி செய்தேன். 6.20க்கு ருக்சானாவைக் கூப்பிட்டேன்.

"இறக்கியாயிற்று" என்றேன்.

அவள் கேட்டாள்: "அந்த இடத்தில் இப்போது யார்?"

"நான்."

"அடுத்த வருடம் இந்தத் தெருவில் கல்யாணம் நடந்தால், காலையில் நான் உன்னைக் குப்பையில் இருந்து பொறுக்க வேண்டும். அப்படியா?"

"ஆமாம்."

"சாவி என்னிடம்தான் இருக்கிறது. இங்கே பனி விழ ஆரம்பித்துவிட்டது, சீக்கிரம் வா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

கதவில் இருப்பவரைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. குங்குமம், சாமந்தி எதையும் சொல்லவில்லை. சொல்லவும் போவதில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 19, புதன். 5.10க்கு எழுந்தேன். மாத்திரைக்கும் வெந்நீருக்கும் முன்னால், பையில் இருந்து என் பெரனை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டேன். காங்கிரி இல்லை. மேரி பால் காய்ச்சுகிற மண்சட்டியைக் கழுவிக் கொடுத்து, "நெருப்பு வேண்டாமா மதினி?" என்று கேட்டாள். அதைச் செல்வின் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்வான் என்றேன். வெளிச்சம் வரும் வரை கொல்லைப்புறத்தில் காத்திருந்தோம். கம்பளி அங்கிக்குள் முதுகு வழிய வேர்த்தது.

"சிரிங்கக்கா" என்றான் செல்வின்.

சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.